செம்பனை ஆலையில் முதல் மூன்று மாதம்: இயந்திரங்களைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தானுக்கு வெளியே, செம்பனைப் பழத்திலிருந்து எண்ணெய் எடுக்கும் ஓர் ஆலையில் பராமரிப்புப் பிரிவு உதவியாளாக நான் சேர்ந்தபோது எனக்கு ஸ்பேனர் அளவு பார்த்து எடுக்கக்கூடத் தெரியாது. அதைவிடப் பெரிய தொல்லை பெயர்கள். ஒரே பொருளை மண்டோர் (மேற்பார்வையாளர்) தமிழில் ஒரு மாதிரி சொல்வார், ஃபோர்மேன் மலாயில் ஒரு மாதிரி சொல்வார், கையேட்டில் ஆங்கிலத்தில் வேறொன்று இருக்கும். ஒவ்வொரு இயந்திரத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யப் பார்த்து ஆறு மாதம் வீணாக்கினேன்.

பிறகுதான் விளங்கியது. ஆலையில் நூறு இயந்திரம் நின்றாலும் உள்ளே ஓடுவது திரும்பத் திரும்ப அதே சில பொருள்கள்தான்: மோட்டர், கியர்பாக்ஸ், பேரிங் (சுழலும் தண்டைத் தாங்குவது), பெல்ட், சங்கிலி, பம்ப், நீராவி. இவற்றைப் பிடித்துக்கொண்டால் புதிதாக எந்த இயந்திரம் வந்தாலும் பாதி தெரிந்ததாகவே இருக்கும். ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கமிருந்து இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகள் நான் பட்ட பாட்டைப் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. சேருவதற்கு முன்: காகிதமும் காசும்

ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி இவற்றை அதில் போடுங்கள்: ஐசி (அடையாள அட்டை) நகல் மூன்று, எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) சான்றிதழ் அல்லது பள்ளி விடுகைச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம், முன்பு வேலை செய்திருந்தால் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) எண். அசல்களைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் விட்டுவிட்டு வராதீர்கள்.

வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளிக்குக் (ரிங்கிட்) குறையக்கூடாது. 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் அது. வார வேலை நேரம் 45 மணிக்கு மேல் போகக்கூடாது. ஓவர்டைம் சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு. செம்பனைப் பழக்குலை அதிகம் வரும் மாதங்களில் ஓவர்டைம்தான் உங்கள் வருமானத்தையே தீர்மானிக்கும், அதனால் இந்தக் கணக்கு முக்கியம். சம்பளத்தில் இபிஎஃப் 11 விழுக்காடு பிடிப்பார்கள். கைக்கு வரும் தொகையை அதற்குத் தகுந்தபடி எண்ணிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக் காலணி, தலைக்கவசம், காதடைப்பான், கையுறை இவற்றுக்கு நீங்கள் காசு கட்ட வேண்டியதில்லை. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. எனக்கு முதல் மாதச் சம்பளத்தில் காலணிக்குப் பிடித்தார்கள். நானும் தெரியாமல் விட்டுவிட்டேன். நீங்கள் விடாதீர்கள். கிராணியிடம் (அலுவலக எழுத்தரிடம்) மரியாதையாகக் கேளுங்கள், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

காது கேட்கும் திறனைச் சோதித்தால் அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரச் சராசரிக்கு 85 டெசிபல்தான் சட்டம் வைத்த எல்லை. மின்சாரம் எடுக்கும் டர்பைன் அறையும் கொட்டையை உடைக்கும் பருப்புப் பிரிவும் அதைச் சுலபமாகத் தாண்டும். பத்து வருடம் கழித்துக் காது மந்தமானால், சேர்ந்தபோது நன்றாக இருந்தது என்பதற்கு அந்தக் காகிதம் மட்டுமே சாட்சி.

சொந்தக் காசில் வாங்க வேண்டியவை: சட்டைப்பையில் அடங்கும் நோட்டு, நல்ல டார்ச், வெள்ளைச் சாக்கட்டி, சிறிய இரும்பு அளவுகோல். ஐம்பது வெள்ளிக்குள் முடித்துவிடலாம்.

2. முதல் வாரம்: குலையோடு நடங்கள், பிறகு நீராவியோடு நடங்கள்

யாரும் உங்களை உட்கார வைத்துப் பாடம் நடத்தப் போவதில்லை. ஓய்வு நேரத்தில் மண்டோரிடம் சொல்லிவிட்டு, அனுமதி உள்ள பாதையில் மட்டும் ஆலையை மூன்று முறை சுற்றி நடங்கள்.

முதல் முறை குலையோடு. லோரி எடை மேடையில் ஏறும், குலைகள் சரிவு மேடையில் கொட்டப்படும், அங்கிருந்து ஸ்டெரிலைசருக்குப் போகும். அதற்குள் சுமார் 3 பார் அழுத்த நீராவியில் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை அவியும். அவிப்பதற்குக் காரணம் இரண்டு. பழம் காம்பை விட்டுச் சுலபமாகக் கழன்று வர வேண்டும். பழத்துக்குள் எண்ணெயைக் கெடுக்கிற நொதி செத்துப்போக வேண்டும். வெட்டிய குலையைக் காக்க வைத்தால் அந்த நொதி எண்ணெயைப் புளிக்க வைத்துவிடும். 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுவரச் சொல்லி அவசரப்படுத்துவது அதனால்தான். அவிந்த குலை திரெஷர் உருளையில் விழுந்து உருளும். பழம் உதிர்ந்து கீழே போகும், வெறுங்குலை வெளியே வரும். பழம் டைஜஸ்டரில் 90 டிகிரிக்கு மேல் சூட்டில் மசிக்கப்பட்டு ஸ்குரூ பிரஸ்ஸுக்குள் இறங்கும். அங்கே இரண்டு திருகுகள் எதிரெதிராகச் சுற்றி, ஓட்டைகள் போட்ட கூட்டுக்குள் பழத்தை நெருக்கிப் பிழியும். நூறு டன் குலைக்கு இருபது டன் எண்ணெய் கிடைத்தால் நல்ல ஆலை.

இரண்டாவது முறை நாரோடும் ஓட்டோடும். பிழிந்த சக்கையிலிருந்து நார் காற்றில் பிரிந்து, நீராவி உண்டாக்கும் பாய்லருக்கு எரிபொருளாகப் போகும். கொட்டை உடைபட்டுப் பருப்பு ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம். ஓடும் பாய்லருக்கே. வெளியிலிருந்து எரிபொருள் அதிகம் வாங்காமலே ஆலை ஓடுவதன் ரகசியம் இது.

மூன்றாவது முறை நீராவியோடு. பாய்லரில் சுமார் 20 பார் அழுத்தத்தில் பிறந்து, டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தந்து, 3 பாராக இறங்கி ஒரு பெரிய தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து ஸ்டெரிலைசருக்கும் டைஜஸ்டருக்கும் பிரிகிறது. இந்த மூன்று நடையையும் நோட்டில் மூன்று படமாக வரையுங்கள். அழகாக இருக்க வேண்டாம், அம்புக்குறி சரியாக இருந்தால் போதும்.

3. மோட்டரும் கியர்பாக்ஸும்: தகட்டைப் படிக்கப் பழகுங்கள்

ஒவ்வொரு மோட்டரிலும் ஒரு தகடு ஒட்டியிருக்கும். எண்ணெய் படிந்து கறுத்திருக்கும், துடைத்துப் படியுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆலையில் அதிகம் பார்ப்பது நான்கு துருவ மோட்டர். அது சுமையோடு நிமிடத்துக்குச் சுமார் 1,450 சுற்று ஓடும். திரெஷர் உருளைக்கோ நிமிடத்துக்கு இருபது சொச்சம் சுற்று போதும். இடையில் கியர்பாக்ஸ் உட்கார்ந்து வேகத்தை அறுபது மடங்கு குறைத்து, திருகும் பலத்தைக் கிட்டத்தட்ட அதே அளவு கூட்டித் தருகிறது. வேகம் குறைந்தால் பலம் கூடும், இவ்வளவுதான் கியர்பாக்ஸ்.

தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியர் எண்ணையும், ஓடும்போது மீட்டர் காட்டும் எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வாருங்கள். ஸ்குரூ பிரஸ்ஸில் இது நாடி பார்ப்பது மாதிரி. ஆம்பியர் மிகவும் ஏறினால் அதிகமாக நெருக்குகிறது, கொட்டை உடையும். மிகவும் இறங்கினால் நாரில் எண்ணெய் மிஞ்சிப் போகும்.

மோட்டரைக் கழற்றி மாட்டிய பிறகு வயர் இடம் மாறியிருந்தால் அது எதிர்ப்பக்கம் சுற்றும். பம்பில் இதைக் கண்டுபிடிப்பது சிரமம். தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், பம்ப் பழசாகிவிட்டது என்று நினைத்துவிடுவோம். மோட்டரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கை மாட்டும் முன் சார்ஜ்மேனை (மின் பொறுப்பாளரை) அழைத்து, மோட்டரை ஒரு நொடி ஓட்டித் திசையைப் பார்த்துவிடுங்கள்.

4. பேரிங்: எண்ணைப் படித்தால் அளவு தெரியும்

இதை யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தால் எத்தனையோ முறை கடைக்கு அலைந்திருக்க மாட்டேன். பேரிங்கின் மேல் அடித்திருக்கும் எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள். அது ஷாப்ட் (சுழலும் தண்டு) நுழையும் துளையின் மில்லிமீட்டர் அளவு. 6205 என்றால் 25. 6308 என்றால் 40. 22216 என்றால் 80. கடைசி இரண்டு இலக்கம் 04-லிருந்து மேலே இந்தக் கணக்கு சரியாக வரும். அதற்குக் கீழே 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17.

எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டுச் செய்தது என்று பொருள். சூடான இடத்தில் ஓடும் பேரிங் விரியும்போது அந்த இடைவெளி தேவை. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்று சி3 இல்லாததைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

மாட்டும்போது சுத்தியலால் வெளி வளையத்தில் அடிக்கக்கூடாது. ஷாப்டில் ஏற்றுகிறீர்கள் என்றால் விசை உள் வளையத்தில்தான் விழ வேண்டும். வெளி வளையத்தில் அடித்தால் அந்த அடி உருண்டைகள் வழியாகப் போய்ப் பாதையில் சிறு பள்ளங்கள் விழும். கண்ணுக்குத் தெரியாது. நான் அப்படி அடித்து மாட்டிய ஒரு கன்வேயர் பேரிங் மூன்றே வாரத்தில் கத்த ஆரம்பித்தது. பெரிய பேரிங் என்றால் சூடாக்கும் கருவியில் 110 டிகிரி வரை சூடாக்குங்கள், தானாக வழுக்கி உட்காரும். கேஸ் நெருப்பை நேரடியாகக் காட்டாதீர்கள்.

கிரீஸ் விஷயத்தில் எல்லாரும் செய்யும் தவறு நிறையப் போடுவது. உறைக்குள் இருக்கும் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போதும். திணித்தால் கிரீஸையே கடைந்து கடைந்து பேரிங் சூடாகும். ஒரு வகைக் கிரீஸோடு இன்னொரு வகையைக் கலக்காதீர்கள். சில சேர்க்கைகள் தண்ணீராகி ஓடிவிடும்.

5. பெல்ட், சங்கிலி, கன்வேயர்

வி-பெல்ட்டின் பலம் அதன் இரண்டு பக்கத்தில் இருக்கிறது. பெல்ட் தேய்ந்து பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டால் வழுக்கத்தான் செய்யும், எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. நாலு பெல்ட் ஓடும் இடத்தில் ஒன்று அறுந்தால் நாலையும் சேர்த்து மாற்றுங்கள். பழையது நீண்டிருக்கும், புதிய ஒன்றின் தலையில் மொத்தச் சுமையும் விழும்.

சங்கிலி நீள்வது என்பது இரும்பு நீள்வதால் பெரும்பாலும் வருவதில்லை, கண்ணிகளைக் கோக்கும் ஆணியும் (பின்) அதைச் சுற்றிய புஷ்ஷும் தேய்வதால் வருகிறது. பத்துக் கண்ணியை இழுத்துப் பிடித்து அளந்து, புதியதோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள்.

6. பம்ப்: காது கொடுத்துக் கேளுங்கள்

ஆலையில் இரண்டு குலப் பம்புகள் உண்டு. ஒன்று விசிறி போன்ற சக்கரம் சுழன்று தண்ணீரை வெளிப்பக்கம் வீசுவது. இன்னொன்று பல்சக்கரமோ திருகோ கொண்டு, அள்ளியதைத் தள்ளியே தீருவது. எது எந்தக் குலம் என்று தெரியாமல் வால்வில் கை வைக்காதீர்கள். வீசும் பம்பை வெளி வால்வை மூடிய நிலையில் ஓட்டிவிட்டு மெல்லத் திறப்பது வழக்கம். மோட்டருக்கு அது இலகு. தள்ளும் பம்பில் அதையே செய்தால் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பாதுகாப்பு வால்வு வேலை செய்யாவிட்டால் குழாயோ பம்போ உடையும்.

இரண்டையும் வறட்சியாக ஓட்டக்கூடாது. ஷாப்ட் வெளிவரும் இடத்தில் ஒழுகாமல் அடைக்கும் பாகத்தையும் (சீல்) உள்ளே போகும் திரவம்தான் குளிர்விக்கிறது. கயிறு சுற்றிய சீல் உள்ள பம்பில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஒழுகுவது சரியான நிலை. ஒழுகுகிறதே என்று முழுக்க இறுக்கி நிறுத்தினால் கயிறு கருகி ஷாப்டை அறுத்துவிடும். மெக்கானிக்கல் சீல் உள்ள பம்பில் ஒழுகினால் அது கோளாறு.

ஒரு தடவை கொதிநீர்ப் பம்பில் ஜல்லிக்கல் அரைபடும் சத்தம் வந்தது. பேரிங் போய்விட்டது என்று அரை நாள் செலவழித்துக் கழற்றினேன். பேரிங் நன்றாகவே இருந்தது. பம்புக்குத் தண்ணீர் வரும் பக்கத்து வடிகட்டி அடைத்துக் கிடந்தது. உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைந்தால் சூடான தண்ணீர் பம்புக்குள்ளேயே ஆவிக் குமிழாகிவிடும். அந்தக் குமிழ்கள் சக்கரத்தின் மேல் பட்டு நொறுங்கும்போது வருவதுதான் அந்தக் கல் சத்தம். விட்டால் சக்கரத்தையே அரித்துத் தின்னும். பாய்லர் தண்ணீர்த் தொட்டியை உயரத்தில் வைத்திருப்பதும் இதற்காகவே. அதனால் பம்ப் கத்தினால் முதலில் தொட்டியின் மட்டம், அடுத்து உறிஞ்சும் வால்வு, அடுத்து வடிகட்டி, கடைசியாகத்தான் பேரிங்.

7. நீராவி: இங்கே அவசரப்படாதீர்கள்

தண்ணீர் நீராவியாகும்போது வெளிக்காற்று அழுத்தத்தில் சுமார் 1,600 மடங்கு விரிகிறது. பாய்லரின் பலமும் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. பாய்லர் அண்ணன் ஒருவர் எனக்குச் சொன்ன முதல் சொல்: "தம்பி, தண்ணி எங்கே நிக்குதுன்னு பார்த்துட்டு அப்புறம் நெருப்பைப் பாரு." கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் கண்ணைவிட்டு மறைந்துவிட்டால் உடனே தண்ணீர் ஏற்றக்கூடாது. காய்ந்து சிவந்த குழாயில் தண்ணீர் பட்டால் வெடிக்கலாம். எரிபொருளை நிறுத்தி, பொறுப்பாளரை அழைத்து, விலகி நிற்க வேண்டும். கண்ணாடி அடைத்திருந்தால் மட்டம் பொய் சொல்லும். அதனால் ஒவ்வொரு சிஃப்டிலும் பாய்லர்காரர் அதை ஊதிச் சோதிப்பார். பக்கத்தில் நின்று பாருங்கள்.

நீராவி வால்வை எப்போதும் மெல்லத் திறக்க வேண்டும். குழாயில் தேங்கிய தண்ணீரை நீராவி குண்டு போலத் தள்ளிக்கொண்டு போய் வளைவில் மோதும். டமார் என்று அடிக்கும் சத்தத்தைக் கேட்டால் குழாய் உங்களை எச்சரிக்கிறது என்று அர்த்தம். முதலில் வடிகால் வால்வைத் திறந்து தண்ணீரை விடுங்கள்.

ஸ்டெரிலைசர் கதவைப் பற்றி ஒரு கணக்கு. 2 மீட்டர் குறுக்களவுள்ள கதவில் 3 பார் அழுத்தம் சுமார் 96 டன் எடையாக அழுத்துகிறது. எல்லாம் வெளியேறி 0.1 பார் மட்டும் மிஞ்சினாலும் மூன்று டன்னுக்கு மேல். அழுத்தமானியின் முள் அந்த மிச்சத்தைச் சரியாகக் காட்டாது, பூஜ்யத்தில் நிற்பதுபோல் இருக்கும். ஆகவே சோதனைக் குழாயைத் திறந்து ஆவியும் வெந்நீரும் வரவில்லை என்று கண்ணால் பார்க்காமல் கதவுப் பக்கம் யாரும் போகக்கூடாது. அழுத்தம் இருக்கும்போது கதவைத் திறக்க விடாத இடைப்பூட்டைக் கம்பி போட்டு ஏமாற்றி வைத்திருப்பதைப் பார்த்தால் உடனே மேலே சொல்லுங்கள். புதியவன் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம்.

8. கை வைக்கும் முன்: பூட்டும் அட்டையும்

பக்கத்தில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இயந்திரம் நிற்கும், மின்சாரம் நிற்காது. கட்டுப்பாட்டு அறையில் யாரோ திரும்ப ஓட்டிவிடலாம். மின்சாரத்தை மூலத்திலேயே துண்டித்து, உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, அட்டை மாட்டி, சாவியை உங்கள் பையில் வையுங்கள். பிறகு ஓட்டிப் பார்த்து, ஓடவில்லை என்று உறுதி செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஏற்றி இறக்கும் வாளி எலிவேட்டர் மின்சாரம் இல்லாமலும் எடையினால் பின்னால் உருளும், அதற்குத் தனியே கட்டை கொடுக்க வேண்டும்.

தொட்டி, டைஜஸ்டர், பாய்லர் உருளை இவற்றுக்குள் இறங்க எழுத்து அனுமதியும், காற்றைச் சோதிக்கத் தகுதி பெற்றவரும், வெளியே காவல் நிற்க ஒருவரும் வேண்டும். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். கழிவுக் குழிகளில் அழுகிய முட்டை நாற்றம் வந்து பிறகு நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். மூக்குதான் செத்துப்போயிருக்கும். உள்ளே ஒருவர் விழுந்தால் பாசத்தில் பின்னாலேயே குதிக்காதீர்கள். அப்படிக் குதித்தவர்களும் சேர்ந்து இறந்ததாகத்தான் இந்த மாதிரி விபத்துகள் முடிகின்றன.

9. மூன்றாம் மாதத்திலிருந்து: சான்றிதழுக்கான வேலை

பாய்லர் ஓட்டுவதற்கு ஜேகேகேபி (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) நடத்தும் தேர்வில் தேறிய தகுதிச் சான்றிதழ் வேண்டும். கீழ்நிலை இரண்டாம் தரம், அதற்கு மேல் முதல் தரம். எழுதுவதற்கு முன் பாய்லரில் வேலை பார்த்த அனுபவத்தைக் காட்ட வேண்டும், அதனால் பாய்லர் பிரிவுக்கு மாற்றம் கேட்பதாக இருந்தால் சீக்கிரமே கேளுங்கள். கடையிலோ அண்ணன்மாரிடமோ கிடைக்கும் பழைய குறிப்புகளில் 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் என்று இருக்கும். அது 2024 ஜூன் 1 முதல் ரத்தாகிவிட்டது, இப்போது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் எல்லாம். பாய்லர் பாடம் மாறவில்லை, சட்டப் பகுதியை மட்டும் புதிதாகப் படியுங்கள். கட்டணத்தையும் விண்ணப்பப் படிவத்தையும் ஜேகேகேபி அலுவலகத்திலேயே நேரில் கேட்டு வாங்குங்கள்.

பராமரிப்பிலேயே இருக்க விரும்பினால் எஸ்கேஎம் (மலேசியத் திறன் சான்றிதழ்) வாங்க முயலலாம். வேலையை விட்டுப் பயிற்சிக்கூடம் போக முடியாதவர்களுக்கு, செய்த வேலையை ஆதாரமாகக் காட்டி வாங்கும் பிபிடி (முன் அனுபவத்தை அங்கீகரிப்பது) என்ற வழி இருக்கிறது. அந்த ஆதாரம் எங்கிருந்து வரும்? நீங்கள் எழுதி வைத்திருந்தால்தான் வரும். என்ன பேரிங் மாற்றினேன், என்ன எண், என்ன தேதி, யார் மேற்பார்வை, முன்பும் பின்பும் ஒரு படம். ஆலைக்குள் படம் எடுக்க அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் ஆறு மாத வேலை கணக்கில் வராமல் போனது. நான் வேலையைப் பதிந்து வந்த புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டிய பொறியாளர் வேறு ஆலைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர், தான் பார்க்காத வேலைக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். வருடக் கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், மாதா மாதம் சம்பளச் சீட்டு வாங்கும் அன்றே அந்தப் புத்தகத்தையும் கையெழுத்துக்கு நீட்டிவிடுங்கள்.